2011 'ஆல் அமெரிக்கன் முஸ்லிம்' விளம்பர விவகாரம்: டியர்பர்ன், டாம்பா பக்கம் இருந்தவர்களின் அனுபவங்கள்

பொருநைக்கரை (கேன்டன், மிச்சிகன்):

ஃப்ளோரிடா ஃபேமிலி அசோசியேஷன் செய்த வேலையைப் பற்றி நம் ஆட்கள் யாராவது எழுதுவார்கள் என்று நெடுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எழுதவில்லை. சரி, நானே தொடங்குகிறேன். அந்தச் சமயத்தில் டியர்பர்ன் பக்கமோ டாம்பா பக்கமோ இருந்தவர்கள், உங்கள் வீட்டிலும் சபையிலும் வேலையிடத்திலும் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 2011 நவம்பரில் டி.எல்.சி. சேனலில் 'ஆல் அமெரிக்கன் முஸ்லிம்' என்ற தொடர் ஆரம்பித்தது. டெட்ராய்ட் பக்கத்திலுள்ள டியர்பர்னில் வாழும் ஐந்து லெபனான் வம்சாவளிக் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கைதான் கதை. வேய்ன் கவுன்டி ஷெரிஃப் அலுவலக அதிகாரி ஒருவர், ஃபோர்ட்சன் பள்ளி ஃபுட்பால் கோச், தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் தம்பதி, கல்யாணத்துக்காக இஸ்லாத்துக்கு மாறிய ஒரு கத்தோலிக்க இளைஞர், இப்படிப் போகும். பரபரப்பு என்று ஒன்றும் கிடையாது.

டாம்பாவில் டேவிட் கேட்டன் என்பவர் 1987-இல் தொடங்கிய அமைப்பு இந்த ஃப்ளோரிடா ஃபேமிலி அசோசியேஷன். ஆபாசத்துக்கு எதிராக, ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு எதிராக என்று வருடக்கணக்கில் பிரசாரம் செய்துவிட்டு, இந்தத் தொடரின் பக்கம் திரும்பினார்கள். முழுநேர ஊழியர் அவர் ஒருவர்தான் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகளுக்கெல்லாம் ஆதரவாளர்களை வைத்து மின்னஞ்சல் அனுப்ப வைத்தார். அவர்களுடைய புகார் என்ன தெரியுமா? இந்தத் தொடர் சாதாரண மனிதர்களாகத் தெரியும் முஸ்லிம்களை மட்டும் காட்டுகிறது, ஆபத்தானவர்களைக் காட்டாமல் மறைக்கிறது, ஆகவே இது பிரசாரம். டிசம்பரில், வீடு கட்ட, பழுதுபார்க்கச் சாமான்கள் விற்கும் லோஸ் நிறுவனம் விளம்பரத்தை நிறுத்தியது.

என் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவர் லெபனானில் பின்ட் ஜெபைல் ஊரைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை. பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் டியர்பர்ன். வீட்டின் பேஸ்மென்ட்டைத் தன் கையாலேயே கட்டி முடிக்கிற ஆசையில், சனிக்கிழமை விடிந்தால் லோஸ் கடையில் நிற்பார். எந்த வரிசையில் என்ன திருகாணி இருக்கிறது என்று கடைக்காரரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். செய்தி வந்த வாரம், பிரிக்காத டைல்ஸ் பெட்டிகளை வேனில் ஏற்றித் திருப்பிக் கொடுக்கப் போனார். தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார். ரசீதைச் சட்டைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்தார். கவுன்ட்டரில் இருந்த பெண் வழக்கம்போல "பொருளில் ஏதாவது குறையா?" என்று கேட்டார். "பொருளில் குறை இல்லை" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. அதற்குமேல் எதுவும் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 17 அன்று ஆலன் பார்க் லோஸ் கடை முன்னால் நடந்த ஆர்ப்பாட்டத்துக்கும் அவரோடு போனேன். நூறு பேர் இருந்திருப்பார்கள். பாதிரியார்கள் வந்திருந்தார்கள், தலையில் முக்காடு போட்ட பாட்டிமார்கள் அமெரிக்கக் கொடியோடு நின்றார்கள். அந்தப் பக்கம் எதிர்ப்புக் காட்ட வந்த சிலரும் இருந்தார்கள். திரும்பும்போது நண்பர் காரில் சொன்னதுதான் இன்றுவரை எனக்குள் நிற்கிறது. "என்னைத் தீவிரவாதி என்று சொன்னால், இல்லை என்று நிரூபிக்கப் பார்ப்பேன். நீ சாதாரண ஆளாக இருக்கிறாய், அதுதான் சந்தேகமாக இருக்கிறது என்றால் நான் எதை நிரூபிப்பது?"

இந்தப் பிரசாரத்தின் கொடுமையே இதுதான் என்று நினைக்கிறேன். குழந்தை பிறந்தால் தூக்கி வைத்துக் கொஞ்சுவதும் நோன்பு மாதத்தில் பையன்களுக்கு ராத்திரியில் ஃபுட்பால் பயிற்சி கொடுப்பதும்கூட ஒரு சதியின் பாகம் என்று சொல்லிவிட்டால், அந்த மனிதன் எப்படி வாழ்ந்தாலும் குற்றம்தான்.

நாசரேத் பொண்ணு (பிராண்டன், ஃப்ளோரிடா):

அண்ணா, தொடங்கியதற்கு நன்றி. அந்த மின்னஞ்சல் எங்கள் தமிழ் ஜெபக்குழுவுக்கும் வந்தது. குழுவில் மூத்தவர் ஒருவர், நாங்கள் எல்லோரும் மாமா என்று கூப்பிடுகிறவர், எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். நான் முழுதாகப் படித்தேன். தலைப்பு தயார், கடிதம் தயார், எந்தெந்தக் கம்பெனிக்குப் போக வேண்டும் என்பதும் தயார். நம் பெயரைப் போட்டு ஒரு பொத்தானை அமுக்க வேண்டியதுதான். அந்தத் தொடரை ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை.

வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது நானே பேச்சை எடுத்தேன். "மாமா, நீங்க அந்தப் ப்ரோக்ராம் பாத்தீங்களா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். "பாக்காமலே அவங்களப் பத்திக் கடிதாசு போடுறது, பொய்ச்சாட்சி சொல்லாதேங்கிற ஒன்பதாம் கற்பனைக்கு விரோதம் இல்லையா?" என்றேன். அறையே அமைதியாகிவிட்டது. அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மாமா கோபப்படவில்லை. ரியாத்தில் வேலை பார்த்த காலத்தைச் சொன்னார். ஜன்னலுக்குக் கம்பளி போட்டு மூடி, கையைத் தட்டாமல், சத்தம் வெளியே போகாமல் பாட்டுப் பாடி ஆராதனை செய்தார்களாம். ஒருமுறை கதவு தட்டப்பட்டபோது வேதாகமத்தை அரிசி மூட்டைக்குள் ஒளித்தார்களாம். சொல்லும்போது அவர் கை நடுங்கியது. அது பொய்யில்லை, அந்த வேதனை உண்மையானது. சவூதியில் கிறிஸ்தவர்கள் வெளிப்படையாக ஆராதிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ரியாத்தில் கதவைத் தட்டியவன் வேறு, டியர்பர்னில் ஃபுட்பால் சொல்லித் தருகிறவர் வேறு. இதை நான் சொன்னேன், என் வீட்டுக்காரர் சொன்னார், கடைசியில் பாஸ்டரும் சொன்னார். இனிமேல் இந்த மாதிரிக் கடிதங்களைக் குழுவில் சுற்றுக்கு விட வேண்டாம் என்றும் பாஸ்டர் கேட்டுக்கொண்டார். மாமா தன் கடிதத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். மாமாவுடைய காயத்தை எடுத்து, அவருக்குச் சம்பந்தமே இல்லாத குடும்பங்கள் மேல் வீசுவதற்கு ஒரு பொத்தானைச் செய்து கையில் கொடுத்தார்கள். அதையும் கிறிஸ்துவின் பெயரால் செய்தார்கள். நான் கிறிஸ்தவள், என் பெயரால் இதைச் செய்யாதீர்கள் என்று அந்த அமைப்புக்கு எழுதினேன். பதில் இல்லை.

வேணாடன் (ஷார்லட், வட கரோலினா):

ஒரு மாற்றுக் கருத்து. கம்பெனி பணம், கம்பெனி இஷ்டம். முதல் எபிசோடை 17 லட்சம் பேர் பார்த்தார்கள், போகப்போக 10 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஒரு சீசனோடு நின்றதற்கு அந்த ஃப்ளோரிடா அமைப்பை மட்டும் காரணம் சொல்ல முடியாது. நானும் இரண்டு எபிசோட் பார்த்தேன், தூக்கம் வந்தது. இன்னொன்று, 67 கம்பெனிகளில் 65 எங்கள் பேச்சைக் கேட்டன என்று அவர்கள் சொன்னதை அப்போதே பல கம்பெனிகள் மறுத்தன. நாமும் சேர்ந்து அவர்களைப் பெரிய ஆளாக்க வேண்டாம்.

பொருநைக்கரை:

தொடர் சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். விளம்பரம் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் உரிமை, அதுவும் சரி. ஆனால் லோஸ் மனம் புண்பட்டவர்களிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, விளம்பரத்தைத் திரும்பக் கொடுக்கவில்லை. அவர்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் பின்னூட்டங்கள் குவிந்தன, அதில் முஸ்லிம்களை ஏசி எழுதியவை ஏராளம். அப்போது கலிஃபோர்னியா மாநில செனட்டராக இருந்த டெட் லியூ அமெரிக்கப் பண்புக்கே விரோதமான முடிவு என்று கண்டித்தார். முஸ்லிம்களைச் சாதாரணமாகக் காட்டினாலே கம்பெனிக்கு வில்லங்கம் என்று அடுத்த தயாரிப்பாளர் கணக்குப் போடுவார் இல்லையா? தூக்கம் வரவழைக்கிற எத்தனையோ தொடருக்கு இந்த நிலைமை வந்ததில்லை.

காயல் ராத்தா (டியர்பர்ன் ஹைட்ஸ்):

நான் சொல்லப்போவது கொஞ்சம் வேறு மாதிரி. அந்தத் தொடர் வந்தபோது எங்களுக்கே அதில் குறை இருந்தது. ஐந்து குடும்பமும் லெபனான் ஷியாக்கள். யேமன்காரர்கள் எங்கே, பாகிஸ்தான்காரர்கள் எங்கே, டெட்ராய்ட் கறுப்பின முஸ்லிம்கள் எங்கே, எங்களை மாதிரித் தமிழ்நாட்டு ஷாஃபி மத்ஹபு சுன்னிகள் எங்கே? காயலிலிருந்து வந்திருந்த மாமி டி.வி.யைப் பார்த்துவிட்டு, "இவங்க நம்ம ஆளுங்கதானாடி?" என்று கேட்டார்.

ஆனால் மின்னஞ்சல் பிரசாரம் வந்ததும் அந்த வித்தியாசமெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. வரிசையில் நிற்கும்போது என் துப்பட்டாவைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "நீங்கள்தான் அந்த ஷோவில் வந்தவர்களா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். ஆனாலும் மனசு சங்கடப்பட்டது.

2012 ஜூனில் நடந்ததையும் சொல்ல வேண்டும். செய்தது வேறு குழு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாரன் அவென்யூவில் அரபுத் திருவிழா. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். பைபிள் பிலீவர்ஸ் என்ற குழு நபியவர்களை ஏசும் பலகைகளோடு வந்தது. ஒருவர் கையில் நீளக் கம்பு, அதன் நுனியில் நிஜமான பன்றித் தலை. சின்னவன் அதைப் பார்த்துவிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டான். விடலைப் பையன்கள் தண்ணீர் பாட்டில், கல் என்று கைக்குக் கிடைத்ததை எறிய ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டேன். ஷெரிஃப் அதிகாரிகள் அந்தக் குழுவை வெளியேறச் சொன்னார்கள்.

அந்தக் குழு வழக்குப் போட்டது. 2015-இல் ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, பேச்சுரிமை மீறப்பட்டது என்று அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிரதிவாதிகளில் ஒருவர் யார் தெரியுமா? தொடரில் வந்த அதே ஷெரிஃப் அலுவலக அதிகாரி, மைக் ஜாஃபர்.

எங்க வீட்டில் இதற்குப் பெரிய வாக்குவாதம் நடந்தது. வீட்டுக்காரருக்குத் தீர்ப்பு பிடிக்கவில்லை. எனக்கு அது சரி என்றுதான் பட்டது, இன்றும் படுகிறது. பேசியவர்கள் அருவருப்பாகப் பேசினார்கள், கல் எறிந்தது நம் பிள்ளைகள். பிடிக்காத பேச்சைப் போலீஸ் நிறுத்தலாம் என்று வந்துவிட்டால், நாளைக்கு எங்கள் பாங்கைப் பிடிக்காதவர்களும் அதையேதான் கேட்பார்கள். அதனால்தான் கேட்டன் கடிதம் எழுதியதைத் தடுத்திருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பணிந்துபோனவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

கொள்ளிடத்தான் (டாம்பா):

தொடர் விவகாரம் ஓடிக்கொண்டிருந்தபோதே இங்கே ஹில்ஸ்பரோ கவுன்டியில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஸ்டைன்பிரனர் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று வகுப்புக்கு, அமெரிக்க இஸ்லாமிய உறவுகள் கவுன்சில் என்ற முஸ்லிம் உரிமை அமைப்பைச் சேர்ந்த ஹசன் ஷிப்லி வந்து இஸ்லாத்தைப் பற்றிப் பேசியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கவுன்சிலைப் பள்ளிகளுக்குள்ளேயே விடக் கூடாது என்று கேட்டனின் அமைப்பு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்ப வைத்தது. 2012 தொடக்கத்தில் பள்ளி வாரியக் கூட்டங்களில் இதே பேச்சுதான்.

என் மகள் அப்போது கவுன்டியில் வேறொரு பள்ளியில் படித்தாள். அவளுடைய சமூக அறிவியல் ஆசிரியை வருடா வருடம் என்னைக் கூப்பிடுவார். பொங்கல் பற்றி, கோயில் பற்றிப் பேசுவேன். கரும்பு ஒரு துண்டு கொண்டுபோய்க் காட்டுவேன், கடித்துப் பார்க்கப் பையன்கள் முண்டியடிப்பார்கள். அந்த வருடம் கூப்பிடவில்லை. நேரில் பார்த்தபோது கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மதம் சம்பந்தப்பட்ட விருந்தினர் யாரும் இப்போதைக்கு வேண்டாம் என்று மேலிடத்தில் நினைக்கிறார்கள். யாராவது ஒரு பெற்றோர் மின்னஞ்சல் போட்டால் அதற்குப் பதில் சொல்ல எங்களுக்குத் தெம்பில்லை" என்றார்.

முஸ்லிம் பேச்சாளருக்கு எதிராகக் கிளப்பியது, ஒரு இந்து அப்பாவின் பொங்கல் பேச்சையும் சேர்த்து நிறுத்தியது. வாரியத்துக்கு நான் எழுதிய கடிதத்தில் இதையேதான் சொன்னேன்: ஷிப்லியையும் கூப்பிடுங்கள், என்னையும் கூப்பிடுங்கள், கேட்டனே வந்து தன் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதானாலும் கூப்பிடுங்கள், எல்லோரையும் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

நாசரேத் பொண்ணு, உங்கள் பாஸ்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மாமாவுக்கும்.