ரம்பத்தில் அறுத்த விளிம்பை இழைக்காமல் அப்படியே பசை பூசிப் பலகை ஒட்டியவர்கள் உண்டா?

காரைக்குடியிலிருந்து:

உண்டு. தேக்குப் பலகைகளை ஒட்டி மேசைத் தளம் செய்வதுதான் என் பிழைப்பு. விளிம்பு இழைக்கத் தனி எந்திரம் கிடையாது. டேபிள் சாவில் (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்) அறுத்த கையோடு ஒட்டுகிறேன். இணைப்பு விட்டுப்போனதாக இதுவரை யாரும் வாசலில் வந்து நின்றதில்லை.

பாதிக் காரியம் பிளேடில் இருக்கிறது. 80 பல் வாங்கினால் வழவழப்பாக வரும் என்று கடையில் ஆசை காட்டுவார்கள். குறுக்கே அறுக்க அது சரி. நீளவாக்கில் பிளக்கும்போது பற்களுக்கிடையே தூள் அடைத்துக்கொண்டு மரம் கருகும். கருகிய இடத்தில் பசை இறங்காது. 10 அங்குல பிளேடுக்கு 24 முதல் 40 பல் போதும். தேக்கில் உள்ள மணல் போன்ற சிலிக்கா, பிளேடு பல்லின் கெட்டியான கார்பைடு முனையையே மழுக்கிவிடும். அதனால் எந்திரத்தில் மிச்சம் பிடித்துச் சாணைக்குச் செலவழியுங்கள் என்பேன்.

இன்னொன்று, தள்ளும் வேகம். கை மாற்ற ஒரு நொடி நின்றாலும் அந்த இடத்தில் பிளேடு பிறைக்கோடு கிழித்துவிடும். கண்ணுக்குத் தப்பினாலும் நகத்தால் வருடினால் தட்டுப்படும். பலகையின் மறுமுனையைத் தாங்க ஒரு ஸ்டாண்டு வைத்துவிட்டால் நிற்கவே வேண்டியிராது.

நாகர்கோவிலிலிருந்து:

அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் முதல் விளிம்பு நேராக இருந்தால்தானே இதெல்லாம்? வளைந்த விளிம்பைப் பென்ஸில் (fence, பலகையை ஒட்டித் தள்ளப் பிளேடுக்குப் பக்கத்தில் இருக்கும் நேர்ச்சட்டம்) சாய்த்தால் வெட்டும் வளைந்தே வரும். நான் நேரான பிளைவுட் துண்டின்மேல் பலகையைச் சற்று வெளியே நீட்டித் திருகிவிடுவேன். பிளைவுட் பென்ஸை ஒட்டி ஓடும், நீட்டிய பகுதி அறுபடும். பென்ஸ் இல்லாமல் வெறுங்கையால் ஓட்டிப் பார்க்கிறேன் என்று யாரும் இறங்கிவிடாதீர்கள். பலகை திரும்பி வயிற்றில் பாயும். பிளேடுக்குப் பின்னால், அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பிரிப்புத் தகட்டையும் கழற்றாதீர்கள்.

சேலத்திலிருந்து:

மூலைமட்டம் வைத்துப் பார்த்தாலும் பிளேடு கால் டிகிரி சாய்ந்திருக்கக் கூடும். எல்லாப் பலகையையும் ஒரே முகம் (தளத்தின் மேற்புறமாக வரும் அகலப் பக்கம்) மேலிருக்க அறுத்தால் ஒவ்வோர் இணைப்பிலும் அது அரை டிகிரி ஆகும். ஆறு பலகை சேர்ந்தால் ஐந்து இணைப்பில் இரண்டரை டிகிரி, தளம் தாம்பாளம்போல் குழியும். சேரப்போகும் இரண்டு விளிம்புகளில் ஒன்றை முகம் மேலாகவும் மற்றதை முகம் கீழாகவும் வைத்து அறுங்கள். 89.75-உம் 90.25-உம் சேர்ந்து 180 ஆகிவிடும்.

பிறகு பசையில்லாமல் சேர்த்து வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் கிளாம்பை இறுக்கிச் சமாளிக்க நினைக்காமல் மறுபடி அறுங்கள். தேக்கென்றால் பசைக்கு முன் அசிட்டோன் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வருவதற்குள் ஒட்டியாக வேண்டும்.