சிறிய சபையில் ஊழியப் பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்வது எப்படி?

கேள்வி:
எங்கள் சிறிய சபையில் ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, ஆலயத் துப்புரவு, நோயாளிகளைச் சந்தித்தல் ஆகிய அனைத்தையும் அதே ஏழெட்டுப் பேரே பல ஆண்டுகளாகச் செய்துவருகிறோம். சென்ற வாரம் ஆராதனைக்குப் பின் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த மூத்த சகோதரி ஒருவர், களைப்பில் அப்படியே பெஞ்சில் அமர்ந்துவிட்டதைக் கண்டு மனம் கலங்கியது. புதியவர்களை எவ்வாறு அழைப்பது?

பதில் 1:
சகோதரரே, பொது அறிவிப்பை நம்பாதீர்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், ஆதிச் சபையின் அன்றாட விசாரணையில், அதாவது அன்றாட உதவியைப் பகிர்ந்தளிப்பதில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாமற்போனபோது, ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டு, ஜெபத்தோடு கைகள் வைக்கப்பட்டு நியமிக்கப்பட்டனர். பந்தி விசாரணைக்கே, அதாவது உணவு பரிமாறும் பணிக்கே, அவ்வளவு கனம் அளிக்கப்பட்டது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நீங்களும் ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்து, இன்ன வேலை, மூன்று மாதத்திற்கு மட்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

பதில் 2:
கால வரையறை மிகவும் அவசியம். முடிவே தெரியாத பொறுப்பை ஏற்கப் பலரும் அஞ்சுகிறார்கள்.

பதில் 3:
நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது வாலிபர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, முதலில் வேதப்பகுதியை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். சில வாரங்களில் அவரே ஜெபிக்கத் தொடங்குவார். அந்தச் சகோதரிக்குச் சில மாதங்கள் ஓய்வு கொடுங்கள்.