படம் எடுத்துக்கொண்ட பாட்டை ஆல்பம் திருப்பித் தருமா?

கேள்வி: இரவுக்காட்சி

அனைவருக்கும் வணக்கம். பழைய ராக் இசையையும் பழைய ஆங்கிலப் படங்களையும் ஒருசேர விரும்புகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்க ராக் குழுவான தி டோர்ஸின் ‘தி எண்ட்’ பாட்டை நான் முதலில் கேட்டது இயக்குநர் கொப்போலாவின் வியட்நாம் போர்ப் படமான ‘அபோகலிப்ஸ் நவ்’வில்தான். 1979இல் வெளியான அந்தப் படம் பெயர்ப் பட்டியல் எதுவும் இல்லாமல் தொடங்குகிறது. தென்னை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஹெலிகாப்டரின் சுழற்சி மிக மெதுவாகக் காதருகே வந்து விலகிப் போகிறது. மஞ்சள் புழுதி எழும்புகிறது, கிதாரின் தந்தி நடுங்குகிறது, ஜிம் மாரிசன் முதல் வரியைப் பாடும் அதே நேரத்தில் காடு முழுவதும் தீப்பற்றிக்கொள்கிறது. பிறகு அந்தத் தீயின் மேலேயே மார்ட்டின் ஷீனின் முகம் தலைகீழாகத் தோன்ற, ஹெலிகாப்டர் இறக்கை சைகோன் விடுதி அறையின் மின்விசிறியாக மாறுகிறது. ஒலியை அமைத்த வால்டர் மர்ச்சுக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் கிடைத்ததில் எனக்கு வியப்பே இல்லை.

அதன்பிறகுதான் 1967 ஜனவரியில் வந்த குழுவின் முதல் ஆல்பத்தைத் தேடிக் கேட்டேன். எத்தனை முறை கேட்டாலும் அந்தப் பாட்டு வந்தவுடன் தென்னை மரங்கள் எரிகின்றன. படம் வெளிவருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் அதில் எதைக் கண்டார்கள் என்று அறிய ஆசைப்படுகிறேன், ஆனால் என் கண்ணை அந்தத் தீ மறைத்துவிடுகிறது. முதலில் ஆல்பத்தைக் கேட்டுவிட்டுப் படம் பார்த்திருக்க வேண்டுமோ? உங்களில் யாருக்காவது ஒரு படம் இப்படி ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு போனதுண்டா? போன பாட்டு திரும்பக் கிடைத்ததா?

பதில்: பழைய ஒலிநாடா

நண்பருக்கு, நான் நீங்கள் ஆசைப்படும் வரிசையில்தான் சென்றேன், ஆல்பம் முதலில், படம் பிறகு. அதனால் எல்லாம் சரியாக அமைந்துவிடவில்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

1980களின் பிற்பகுதியில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, பட்டியல் எழுதிக் கொடுத்தால் பாட்டுகளைப் பதிந்து தரும் கடை ஒன்றில் இந்த ஆல்பத்தைப் பதியச் சொல்லி ஒரு 90 நிமிட கேசட்டைக் கொடுத்தேன். அதன் ஒரு பக்கம் 45 நிமிடம். ஆல்பம் ஏறக்குறைய 44 நிமிடம் என்பதால் முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கியிருக்க வேண்டும். ஆனால் பதிந்தவர் தொடக்கத்தில் வேறொரு குழுவின் ஐந்து நிமிடப் பாட்டை, எனக்குப் பிடிக்கும் என்று நினைத்தோ என்னவோ, சேர்த்துவிட்டார். ஆகவே ‘தி எண்ட்’ பாட்டின் கடைசி நான்கு நிமிடம் நாடாவுக்கு வெளியே போய்விட்டது. மாரிசன் பாடுவதை நிறுத்திக் கதை சொல்வதுபோலப் பேசத் தொடங்கி, ஒருவன் நடைவழியில் நடந்து ஒரு கதவருகே வந்து நிற்கிறான் என்று சொல்லும் இடத்தில் ‘டக்’ என்று பிளேயர் நின்றுவிடும். பாட்டே அவ்வளவுதான் போலும் என்று நான் எண்ணிக்கொண்டேன். கதவு திறக்காமலேயே முடிகிற பாட்டு என்று நண்பர்களிடம் அதைப் புகழ்ந்துகூட இருக்கிறேன்.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு திரைப்படச் சங்கம் காட்டிய பிரதியில் ‘அபோகலிப்ஸ் நவ்’ பார்த்தேன். தொடக்கத்தில் பாட்டை அடையாளம் கண்டதும், நீண்ட நாள் பார்க்காத உறவினரை வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் கண்டதுபோல மகிழ்ச்சி. படத்தின் இறுதியில் ஒரு பக்கம் எருமை வெட்டப்பட, மறுபக்கம் ஷீன் கத்தியோடு உள்ளே போகும்போது இசை வேகமெடுத்து வெறிகொண்டு எழுகிறதல்லவா, அதைப் படத்துக்காகவே தனியாக அமைத்த பின்னணி இசை என்று நம்பிக்கொண்டுதான் வீடு திரும்பினேன். முழு ஆல்பம் குறுந்தகடாகக் கைக்கு வந்த அன்றுதான், அது என் கேசட்டில் வராமல் போன நான்கு நிமிடத்தில் ஒரு பகுதி என்பது தெரிந்தது. ஆக, அந்தப் பாட்டின் முடிவை எனக்குக் கொடுத்தது படம்தான்.

அந்த நாளிலிருந்து கொப்போலா அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு போனார் என்று எனக்குத் தோன்றியதில்லை. மாரிசனும் ஆர்கன் வாசித்த ரே மன்சாரெக்கும் லாஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் திரைப்படத் துறையில் படித்தவர்கள். கொப்போலா பயின்றதும் அதே துறையில்தான். படம் எடுக்கக் கற்றவர்கள் செய்த பாட்டில் காட்சி ஏற்கெனவே இருந்தது. 1971இல் பாரிஸில் தமது 27ஆம் வயதில் மாரிசன் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து அது திரைக்கு வந்து சேர்ந்தது.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பாட்டை மட்டும் தனியாகப் போடாதீர்கள். இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைத் தொடக்கத்திலிருந்து, ‘பேக் டோர் மேன்’ முதல், ஐந்து பாட்டுகளையும் விடாமல் கேளுங்கள். அந்தத் தட்டில் ஒவ்வொரு பக்கமும் ஒரு நீண்ட பாட்டில் முடிகிறது. முதல் பக்கத்தின் முடிவில் ஏழு நிமிடம் ஓடும் ‘லைட் மை ஃபயர்’, இரண்டாம் பக்கத்தின் முடிவில் பதினொன்றரை நிமிடத்துக்கும் மேலான ‘தி எண்ட்’. குட்டையான பாட்டுகளைக் கடந்து வந்தவருக்குத்தான் அந்த நீளத்தின் பொருள் விளங்கும்.

பதில்: நான்காம் பக்கம்

எனக்கு அப்படிப் போன பாட்டு ‘லைலா’. 1990இல் வெளியான, குற்றக்கும்பல் ஒன்றின் கதையைச் சொல்லும் ஸ்கார்செஸியின் ‘குட்ஃபெல்லாஸ்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. பட்டப்பகலில் இளஞ்சிவப்பு நிறக் கார் ஒன்றில் இரண்டு பிணங்களைச் சிறுவர்கள் கண்டெடுக்கிறார்கள், குப்பை வண்டியிலிருந்து ஒரு பிணம் சரிகிறது, இறைச்சி வண்டிக்குள் ஒருவன் உறைந்து தொங்குகிறான். இவற்றுக்கெல்லாம் மேலே, எதுவுமே நடக்காததுபோல, அந்தப் பியானோ மிக இனிமையாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. படப்பிடிப்புத் தளத்திலேயே அந்த இசையை ஒலிக்கவிட்டு, அதற்கேற்பக் கேமராவை நகர்த்தினார் ஸ்கார்செஸி. கேமரா மிதப்பதுபோலத் தோன்றுவது அதனால்தான்.

படத்தில் வருவது பாட்டின் பின்பாதி மட்டும். முன்பாதியை, அதாவது தன் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி மேல் கொண்ட காதலை எரிக் கிளாப்டன் தொண்டை கிழியக் கத்தும் பகுதியை, நான் வெகு காலம் கழித்தே கேட்டேன். பெயரைப் பார்த்தாலே நம்மவர்களுக்குத் தெரிந்துவிடும், அது பாரசீகக் கவிஞர் நிஜாமி பாடிய லைலா மஜ்னு கதையிலிருந்து எடுத்த பெயர். மஜ்னுவின் கதறல்தான் அந்த முன்பாதி. கத்திக் கத்தி ஓய்ந்தவனுக்குப் பிறகு, டிரம்ஸ் வாசிக்கும் ஜிம் கார்டன் பியானோவில் அமர, டுவேன் ஆல்மனின் ஸ்லைடு கிதார் அதன் மேல் ஏறிக்கொள்கிறது. முன்பாதியைக் கேளாதவருக்குப் பின்பாதி அழகான இசை மட்டுமே. கேட்டவருக்கு அது அழுது முடித்தவனின் மூச்சு.

1970 நவம்பரில் ‘டெரிக் அண்ட் தி டாமினோஸ்’ என்ற பெயரில் அவர்கள் வெளியிட்ட அந்த ஆல்பம் இரண்டு தட்டுகள், நான்கு பக்கங்கள். ‘லைலா’ நான்காம் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் கடைசியில் இல்லை. அதன் பிறகு பாபி விட்லாக் மெல்லிய குரலில் பாடும் ‘தார்ன் ட்ரீ இன் தி கார்டன்’ என்ற சிறு பாட்டோடு ஆல்பம் அடங்குகிறது. பியானோ ஓய்ந்து, கிதார் பறவைபோலக் கீச்சிட்டு நின்றபின், அந்தச் சிறு குரல் எழும் இடத்தில்தான் எனக்குப் பாட்டு திரும்பக் கிடைத்தது. இறைச்சி வண்டி இன்னும் கண்ணில் வருகிறது, மறுக்கவில்லை. இப்போது அது வந்து போகிறது, நிற்பதில்லை. தனிப்பாட்டாகக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது என்பதால் பழைய ஒலிநாடா ஐயா சொன்னதை நானும் வழிமொழிகிறேன்.

பதில்: கடைசி இருக்கை

மேலே எழுதிய இருவரோடும் ஓரிடத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆல்பத்தில் இருப்பதே மூலம், படத்தில் வருவது அதிலிருந்து எடுத்தது என்று இருவருமே கொள்கிறார்கள். எப்போதும் அப்படி இல்லை.

‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ பாட்டைப் பாருங்கள். பால் சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும் மின்கிதாரோ டிரம்ஸோ இல்லாமல் அதைப் பாடி 1964இல் ஓர் ஆல்பத்தில் வெளியிட்டார்கள். யாரும் வாங்கவில்லை, இருவரும் பிரிந்தேவிட்டார்கள். அடுத்த ஆண்டு தயாரிப்பாளர் டாம் வில்சன், அவர்கள் இருவருக்கும் தெரியாமல், அதன் மேல் மின்கிதாரையும் டிரம்ஸையும் சேர்த்துப் பதிந்தார். அந்தப் பாட்டுத்தான் 1966 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1967இல் மைக் நிக்கோல்ஸ் ‘தி கிராஜுவேட்’ படத்தில், விமான நிலைய நகரும் நடைபாதையில் டஸ்டின் ஹாஃப்மன் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் நிற்கும்போது அதை ஒலிக்கவிட்டார். இவற்றில் எதை மூலம் என்பது? பாடியவர்களே அறியாமல் மாறிய பாட்டு அது.

‘மிசஸ் ராபின்சன்’ பாட்டின் வரலாறு தலைகீழானது. படம் வந்தபோது அந்தப் பாட்டு முழுமையடைந்திருக்கவே இல்லை. படத்தில் பல்லவியும் வெறும் ஓசையும்தான் இருக்கின்றன. ஹாஃப்மனின் காரில் பெட்ரோல் தீரும் காட்சியில் வண்டி வேகம் குறையக் குறைய கிதாரின் தாளமும் தளர்ந்து, கார் நிற்கும்போது தானும் நின்றுவிடுகிறது. முழுப் பாட்டு 1968 ஏப்ரலில் ‘புக்எண்ட்ஸ்’ ஆல்பத்தில் வந்தது. அதை எப்போது கேட்டாலும் அந்த கார் நிற்கும் இடத்துக்காக என் காது காத்திருக்கிறது. இது எனக்கு இழப்பாகத் தோன்றவே இல்லை. பாட்டு பிறந்த வீடு அதுதான்.

அதே படத்தின் முடிவில், பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து சிரிக்கும் ஹாஃப்மன், கேத்தரின் ராஸ் இருவரின் முகத்திலிருந்தும் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடியும்போது மீண்டும் அந்த மௌனத்தின் பாட்டு எழுகிறது. அதை நீக்கிவிட்டுக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. உங்கள் தென்னை மரங்களையும் அப்படி வைத்துக்கொள்ளலாமே, நண்பரே.

பதில்: மலைவழி

படத்தில் கேட்டு, ஆல்பத்தில் தேடியபோது அது கிடைக்காத அனுபவம் என்னுடையது. 1969இல் வந்த ‘ஈஸி ரைடர்’ படத்தில் மோட்டார் சைக்கிள்கள் பாலைநிலத்தைக் கடக்கும்போது தி பேண்ட் குழுவின் ‘தி வெயிட்’ ஒலிக்கிறது. அந்தப் படத்தின் பாடல் ஆல்பத்தை வாங்கிக் கேட்டால் அதே பாட்டை ஸ்மித் என்ற வேறொரு குழு பாடியிருக்கிறது. உரிமைச் சிக்கலால் அப்படிச் செய்தார்கள். நான் தேடிய குரல்கள் 1968இல் வந்த ‘மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்’ ஆல்பத்தில்தான் கிடைத்தன, கூடவே இன்னும் பத்துப் பாட்டுகளும். படம் எடுத்துக்கொண்டு போகவில்லை, கதவைத் தட்டிக் காட்டியது.

இரவுக்காட்சி மீண்டும் எழுதுகிறார்

அனைவருக்கும் நன்றி. பழைய ஒலிநாடா ஐயா சொன்னபடி நேற்றிரவு விளக்கை அணைத்துவிட்டு இரண்டாம் பக்கத்தை முழுவதும் கேட்டேன். ‘தி எண்ட்’ பாட்டுக்கு முன்னால் ‘டேக் இட் ஆஸ் இட் கம்ஸ்’ என்று இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டும் ஒரு துள்ளலான பாட்டு இருக்கிறது. இத்தனை நாள் அதை நான் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். அது சட்டென்று முடிந்து, ஓரிரு நொடி வெறுமைக்குப் பின் கிதார் தொடங்கியபோது, ஹெலிகாப்டர் வரவில்லை. இந்திய இசையில் ஈடுபாடு கொண்டிருந்த ராபி கிரீகர் ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றியே வாசிக்கிறார் என்பது முதல் முறையாகக் காதில் விழுந்தது. தம்புராவைக் கேட்டு வளர்ந்தும் இதை எப்படித் தவறவிட்டேன் என்று தெரியவில்லை.

மாரிசன் பாடத் தொடங்கியதும் தீ வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அப்படியேதான் வந்தது. கடைசி இருக்கை நண்பர் சொன்னதை நினைத்து அதை விரட்டவில்லை. ஆனால் ஐயாவின் நாடா தீர்ந்துபோன அந்தக் கதவருகே வந்தபோது படத்தின் காட்சி எதுவுமே என் கண்முன் இல்லை. இருட்டறையில் ஒரு குரல் நடந்துவந்து நின்றது, அவ்வளவுதான். ஐயாவின் பிளேயர் நின்ற ‘டக்’ ஒலிக்காக நான் ஒரு கணம் காத்திருந்தேன். பாட்டு நிற்காமல் தொடர்ந்தது.

இன்றிரவு முதல் பக்கத்தைக் கேட்கப் போகிறேன். ‘லைலா’ நான்கு பக்கங்களையும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.