புதுப்பிப்பு: விதைக் குழுவுக்கான விக்கி முடிவாகிவிட்டது

மன்னார்குடிப் பக்கம் பாரம்பரிய நெல் விதைகளைப் பரிமாறிக்கொள்ளும் எங்கள் சிறு குழுவுக்கு எந்த விக்கி மென்பொருள் (பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளத்தை நடத்த உதவுவது) பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். சாகுபடிக் குறிப்புகளை எவரும் படிக்க வேண்டும். விதை இருப்பும் கைப்பேசி எண்களும் உறுப்பினர்களுக்கு மட்டும் தெரிய வேண்டும். டோக்குவிக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்.

பலர் மீடியாவிக்கியைச் சொன்னீர்கள். விக்கிப்பீடியாவையே தாங்குகிற மென்பொருள்தான். ஆனால் சில பக்கங்களை மட்டும் சிலரிடமிருந்து மறைப்பதற்காக அது உருவாக்கப்படவில்லை என்று அதன் ஆவணங்களே கூறுகின்றன. புக்ஸ்டாக் என்ற இன்னொரு மென்பொருளில் யார் எதைப் பார்க்கலாம், திருத்தலாம் என்ற உரிமைகளை அழகாகப் பிரிக்கலாம், ஆனால் அதற்குத் தரவுத்தளம் (தகவல்களைச் சேமித்துவைக்கும் தனி மென்பொருள்) வேண்டும். டோக்குவிக்கிக்கு அது தேவையில்லை. எல்லாம் வெறும் உரைக்கோப்புகள். கோப்புறையை நகலெடுத்தால் காப்புப்பிரதி தயார். பராமரிக்கத் தனி ஆள் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

அனுமதி அமைப்புதான் என் மனத்தைக் கவர்ந்தது. ‘நெல்’ பகுதியை எல்லோரும் படிக்கலாம், உறுப்பினர்கள் திருத்தலாம். ‘இருப்பு’ பகுதி வெளியாருக்கு அடைப்பு. அங்கே ஏற்றும் படங்களுக்கும் அதே விதி, தேடலிலும் அந்தப் பக்கங்கள் தலைகாட்டுவதில்லை. தனிப் பக்கத்துக்கு இடும் விதி பகுதியின் விதியை மிஞ்சும். அதனால் காட்டுயானம் என்ற பாரம்பரிய நெல் வகைக்கான பக்கத்தைத் திருத்தும் உரிமையை, அதை ஆண்டுதோறும் பயிரிடும் பெரியவருக்கு மட்டும் கொடுத்திருக்கிறோம். அவர் எழுதியதில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

தானாகப் பதிவு செய்துகொள்ளும் வசதியை மூடிவிட்டோம். நிர்வாகியே ஆள் சேர்ப்பார். சம்பாவுக்கு நாற்றங்கால் விடுவதற்குள் இருப்புப் பட்டியலை ஏற்றிவிடுவோம்.