புதுப்பிப்பு: ஈரோட்டில் பார்த்த பழைய கார், எஃப்.சி. தேறுமா?

15 வருடம் முடியப்போகும் காரை வாங்கலாமா, பதிவைப் புதுப்பிக்கும்போது எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) தேறுமா என்று கேட்டிருந்தேன். மெக்கானிக் அண்ணனோடு போய்ப் பார்த்தாயிற்று.

ஒரு ஹெட்லைட் வானம் பார்க்கிறது, வைப்பர் ரப்பர் காய்ந்துவிட்டது. சில்லறை வேலைதான். டயர்தான் கவலை. வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் (டயரின் வரிப்பள்ளம்) நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து உள்விளிம்பைத் தடவினால் வழவழ. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணம்) புஷ்ஷும் (சக்கரத்தைத் தாங்கும் இணைப்புகளில் உள்ள ரப்பர்) பார்க்காமல் புது டயர் போட்டாலும் இப்படியேதான் தேயும் என்றார் மெக்கானிக் அண்ணன்.

அப்புறம், மேட்டில் ஹேண்ட்பிரேக் போட்டும் வண்டி பின்னால் நகர்ந்தது. “கேபிளை இழுத்துவிட்டாச் சரியாயிருமுங்க” என்றார் விற்பவர். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்குகிறவனிடம் சொல்கிற பேச்சா அது? பிரேக்கும் டயரும் அவர் செலவில் முடியட்டும், பிறகுதான் முன்பணம்.