11.6 வந்தால் என்ன செய்வீர்கள்?

வார்டு வாத்தியார்:
குழந்தைகள் வார்டில் தராசும் உயரப் பலகையும் வீண், கைச் சுற்றளவு நாடா ஒன்றே போதும், 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடும் ஊட்டக்குறைவு என்று நேற்று செவிலி அக்கா இங்கே தீர்ப்பே எழுதிவிட்டார். 11.6 வந்தால் பிள்ளை கொழுகொழு என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா அக்கா?

மலைக்கிராமச் செவிலி:
அனுப்பச் சொல்லி எங்கே எழுதினேன்? 11.5க்கும் 12.5க்கும் நடுவே வந்தால் மிதமான குறைவு. பெரிய வாத்தியாருக்கு அது தெரியாது போல. வயிற்றுப்போக்கில் வற்றிப்போய் வரும் பிள்ளையின் எடையை வைத்து என்ன கண்டுபிடிப்பீர்கள்? தண்ணீர் ஏற்றினால் மறுநாளே எடை கூடிவிடும். கை அவ்வளவு மாறாது.

வார்டு வாத்தியார்:
மறுபடியும் 11.5! 2009 வரை அது 11தான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து விட்ட அறிக்கையில் அதை 11.5 ஆக்கின. அப்படியானால் அதற்கு முந்தைய வருஷம் 11.2 இருந்த பிள்ளை நல்ல பிள்ளையா? அதே அறிக்கையில் உயரத்துக்கேற்ற எடை மைனஸ் 3 எஸ்.டி.க்குக் (திட்டவிலக்கம், நடு அளவிலிருந்து விலகும் அளவு) கீழே போனாலும் கடும் குறைவுதான் என்று இருக்கிறதே, அந்த வரியை ஏன் விழுங்குகிறீர்கள்? நாடா தப்பவிடுகிற பிள்ளையைத் தராசு பிடிக்கும்.

மலைக்கிராமச் செவிலி:
தராசு தப்பவிடுவதை நாடா பிடிக்கும். அதை மட்டும் சொல்ல மாட்டீர்களே.

சும்மா வந்தவன்:
யாராவது பாதத்தை அமுக்கிப் பார்த்தீர்களா? இரண்டு காலிலும் வீங்கிக் குழி விழுந்தால் அதுவே கடும் குறைவு, நாடாவும் வேண்டாம், தராசும் வேண்டாம்.

வார்டு வாத்தியார்:
தம்பி, முன்பு இங்கே நடந்த முட்டை விவாதத்தில் வாங்கிக்கட்டியது போதாதா? வீக்கத்தை யார் கேட்டார்கள்? பேச்சு 11.5 பற்றி. 6 மாதத்துக்குக் கீழே இந்த 11.5 செல்லுமா? 5 வயது தாண்டினால்? வார்டுக்கு அவர்களும்தான் வருகிறார்கள்.

மலைக்கிராமச் செவிலி:
ஒன்றரை வயதுப் பிள்ளையை நிற்க வைத்து உயரம் எடுத்த படத்தைப் போன மாதம் நீங்கள்தான் போட்டீர்கள். 2 வயது வரை படுக்க வைத்து அளக்க வேண்டும். நிற்க வைத்தால் 0.7 செ.மீ. கூட்ட வேண்டும். கூட்டினீர்களா?

வார்டு வாத்தியார்:
அது பயிற்சி மாணவர் அளந்தது. சரி, நாடாவை எந்தக் கையில் சுற்றுகிறீர்கள்?

மலைக்கிராமச் செவிலி:
இடது கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில். எனக்கே பரீட்சையா?

சும்மா வந்தவன்:
முட்டை விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி.

வார்டு வாத்தியார்:
11.6 பிள்ளைக்கு இன்னும் பதில் வரவில்லை.

மலைக்கிராமச் செவிலி:
மேலே போய்ப் படியுங்கள்.

வார்டு வாத்தியார்:
படித்தேன். 11.5தான் இருக்கிறது.