டர்பன்–ஜொகன்னஸ்பர்க் ஓட்டத்துக்கு டூரிங் பைக்: ரேடாருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

சாட்ஸ்வொர்த் தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாக டர்பனிலிருந்து அடிக்கடி ஜொகன்னஸ்பர்க் போய் வருகிறேன். என்3 சாலையில் ஒரு வழிக்கு ஏறக்குறைய 570 கிலோமீட்டர். மனைவியின் அக்கா ஜொகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருப்பதால் பாதி நேரம் மனைவியும் பின்சீட்டில் இருப்பாள். திரும்பும்போது நேரம் இருந்தால் ஆர்74 பிடித்து ஆலிவியர்ஸ்ஹூக் கணவாய் வழியாக இறங்குவேன்.

பழைய வண்டியை மாற்றப் போகிறேன். பார்த்து வைத்திருப்பவை மூன்று. சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-எஸ்1000ஜிடி, யமஹா டிரேசர் 9 ஜிடி பிளஸ், கைமாறிய பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஆர்எஸ். விற்பவர்கள் எல்லோரும் எலக்ட்ரானிக்ஸ் பற்றியே பேசுகிறார்கள். ரேடார் (முன்னால் போகிற வண்டியைப் பார்த்து வேகத்தைத் தானே சரிசெய்கிற அமைப்பு) இல்லாத வண்டியை வாங்கினால் அப்புறம் வருத்தப்படுவேன் என்கிறார் ஒருவர். உண்மையா?

இன்னொரு சந்தேகம். டிரேசரை மனைவியுடன் ஓட்டிப் பார்த்தேன். பின்பக்கம் நன்றாக அமுங்கியது, எதிரே வந்த கார்கள் ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்டின. சஸ்பென்ஷனை ஏ-1, ஏ-2 என்று மாற்றிப் பார்த்தும் வித்தியாசம் இல்லை. எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் என்றால் தானாகச் சரிசெய்துகொள்ளாதா?

பட்டறைக்காரர்:
இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது கோளாறே இல்லை. அந்த வண்டியில் எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்வது டேம்பிங்கை மட்டும்தான். அதாவது சஸ்பென்ஷன் எவ்வளவு வேகத்தில் அமுங்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் திரும்ப எழ வேண்டும் என்பதை. ஏ-1 கொஞ்சம் விறைப்பு, ஏ-2 கொஞ்சம் மென்மை. நின்ற நிலையிலேயே வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பது ஸ்பிரிங்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதைக் கையால்தான் வைக்க வேண்டும். அதற்கென்று ஒரு திருகு இருக்கிறது, ஸ்பானர் தேவையில்லை. ஆள் ஏறி, பெட்டிகளையும் மாட்டிய பிறகு அதை இறுக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். வெளிச்சம் கீழே வந்துவிடும். அது சரியானால்தான் ஏ-1, ஏ-2 வித்தியாசமும் உங்களுக்குத் தெரியும்.

பிஎம்டபிள்யூ வாங்குவதாக இருந்தால் டைனமிக் இஎஸ்ஏ (அவர்களுடைய எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன்) உள்ள வண்டியா என்று கேளுங்கள். எல்லா ஆர்எஸ்ஸிலும் அது இருக்காது. இருந்தால் பின்பக்க ப்ரீலோடும் மோட்டாரிலேயே மாறும். சுசூகியில் இந்த வம்பே கிடையாது, எல்லாம் கைவேலைதான்.

என்3 அண்ணன்:
தம்பி, ரேடாரை ஓரமாக வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது ஐஎம்யூ இருக்கிறதா என்று. வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, மூக்கு இறங்குகிறதா, பின்சக்கரம் நழுவுகிறதா என்பதையெல்லாம் அளக்கிற உணரி அது. சாதாரண ஏபிஎஸ்ஸுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். வளைவில் சாய்ந்திருக்கும்போது பதறிப் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிமிர்ந்து நேரே ஓடப் பார்க்கும். ஐஎம்யூ உள்ள வண்டி சாய்வைக் கணக்கில் எடுத்து, அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றும். ஆலிவியர்ஸ்ஹூக்கில் ஒரு வளைவைத் திரும்பியதும் சாலையில் குழியோ மாடோ இருந்தால் காப்பாற்றப் போவது அதுதான்.

2022-இல் வந்த சுசூகி ஜிடியில் இது கிடையாது. க்ரூஸ் கன்ட்ரோல் (வைத்த வேகத்தைப் பிடித்து வைப்பது), குவிக் ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றுவது), டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின்சக்கரம் வழுக்காமல் காப்பது) எல்லாம் இருக்கிறது, இந்த ஒன்று மட்டும் இல்லை. பின்னால் வந்த ஜிஎஸ்எக்ஸ்-எஸ்1000ஜிஎக்ஸில் சேர்த்தார்கள். டிரேசரில் உண்டு. பிஎம்டபிள்யூ என்றால் அந்த வண்டியில் சாய்வைக் கணக்கில் எடுக்கிற ஏபிஎஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சுசூகிக்கு 152 குதிரைத்திறன் என்று மயங்கவும் வேண்டாம். ஜொகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்று மெல்லியது. டர்போ இல்லாத எஞ்சின் எதுவானாலும் அங்கே ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். மலைமேல் நீங்கள் ஓட்டப்போவது ஏறக்குறைய 127 குதிரை வண்டி. டிரேசரின் 119-உம் அதே கணக்கில் ஏறக்குறைய 99 ஆகும். எப்படிப் பார்த்தாலும் 120 கிலோமீட்டர் வேக வரம்புக்கு அது தாராளம்.

மிட்ராண்ட் மணி:
அண்ணன் ரேடாரை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட்டாரே. ஹாரிஸ்மித் தாண்டி வில்லியர்ஸ் வரை அந்தச் சமவெளியை ஓட்டியவர்களுக்குத் தெரியும். நேரான சாலை, லாரிக்குப் பின் லாரி. சாதாரண க்ரூஸ் கன்ட்ரோலை நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருக்கும். ரேடார் வண்டி முன்னால் போகிறவரின் வேகத்துக்குத் தானே குறைந்து, வழி விட்டதும் தானே ஏறும். ஜொகன்னஸ்பர்க் போய் இறங்கும்போது தலை தெளிவாக இருக்கிறது. மணிக்கட்டும் வலிக்கவில்லை.

என்3 அண்ணன்:
சமவெளியில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லிலும் வான் ரீனன் கணவாயிலும்? ரேடார் விடுகிற இடைவெளியில் ஒரு டாக்சி நுழையும். வண்டி பின்வாங்கும், இன்னொன்று நுழையும். அங்கே அதை அணைத்துவிட்டு நாமே ஓட்டுவதுதான் நல்லது. குழி ரேடாருக்குத் தெரியாது. காக்ஸ்டாட் தாண்டி என்2-இல் சாலையில் நிற்கிற ஆடுமாடுகளுக்கும் அதை நம்ப முடியாது. ஜிடி பிளஸ்ஸில் பிரேக்கோடு ரேடாரை இணைத்திருப்பதும் நாம் பிரேக்கைப் பிடித்த பிறகு உதவுவதற்குத்தான். நாம் கவனிக்காவிட்டால் அந்த அமைப்பு தானாக நிறுத்திவிடாது.

பின்சீட் அக்கா:
எல்லோரும் ஓட்டுகிறவரைப் பற்றியே பேசுகிறீர்கள். மனைவியைக் கேட்டீர்களா தம்பி? எனக்கு ரேடாரும் வேண்டாம், பெரிய திரையும் வேண்டாம். முதுகு சாய டாப் பாக்ஸ், கால் மடங்கி வலிக்காத ஃபுட்ரெஸ்ட், தலைக்கவசத்தில் காற்று மோதாதபடி தடுக்கிற முன்கண்ணாடி, இவை மூன்றும் வேண்டும். ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. மூயி ரிவர் வரையாவது ஓட்டக் கேளுங்கள், முடியாது என்றால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். குளிரையும் மறக்காதீர்கள். 2024 செப்டம்பரில் வான் ரீனன் பக்கம் பனி கொட்டி என்3-ஐயே மூடினார்கள். சூடாகும் கைப்பிடி ஆடம்பரம் இல்லை.

பட்டறைக்காரர்:
அக்கா சொன்னது சரி. நான் செலவுக் கணக்கைச் சொல்கிறேன். உத்தரவாதம் முடிந்த பிறகு சாதாரண ஷாக் அப்சார்பர் கசிந்தால் பிரித்து, சீல் மாற்றி, எண்ணெய் ஊற்றி ஓட்டலாம். எலக்ட்ரானிக் ஷாக்கை எல்லாப் பட்டறையும் தொடாது. ரேடார் இருப்பது வண்டியின் மூக்கில். நின்ற இடத்தில் சாய்ந்து முகப்பில் அடிபட்டால்கூட அதன் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும், அதற்குக் கருவி வேண்டும். கைமாறிய வண்டியில் முன்பக்கம் வண்ணம் புதிதாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆர்எஸ்ஸில் செயின் இல்லை, பின்சக்கரத்தைச் சுழற்றுவது ஷாஃப்ட் (தண்டு). மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவருக்கு ரேடாரைவிட அது பெரிய நிம்மதி என்பேன். எடை 243 கிலோ, தள்ளிப் பார்த்து வாங்குங்கள்.

பிளஸ் இல்லாத டிரேசர் 9 ஜிடியை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2021-இல் வந்தது. ஐஎம்யூ, டேம்பிங் எலக்ட்ரானிக்ஸ், குவிக் ஷிஃப்டர், சூடாகும் கைப்பிடி, க்ரூஸ் எல்லாம் அதிலேயே உண்டு. ரேடார் மட்டும் இல்லை.

சாட்ஸ்வொர்த் தம்பி:
நன்றி. அந்தத் திருகை இறுக்கியதும் ஹெட்லைட் கீழே இறங்கியது. மனைவியும் வளைவில் ஆடவில்லை என்றாள். சுசூகியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். பிளஸ் இல்லாத ஜிடி ஒன்று பைன்டவுனில் விற்பனைக்கு இருக்கிறது, ஒரே கை, பெட்டிகளுடன். பார்க்கும்போது வேறென்ன கவனிக்க வேண்டும்?

பட்டறைக்காரர்:
குழியில் விழுந்து ரிம் நெளிந்திருக்கிறதா என்று இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பின் ஷாக்கின் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. சாவி போட்டு, எஞ்சின் ஓடி, வண்டி கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகும் ஏபிஎஸ் விளக்கு அணையாவிட்டால் விலையைப் பேசவே வேண்டாம். டிராக்கர் (திருடு போனால் வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) பொருத்தாமல் இன்ஷூரன்ஸ் தருவார்களா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.